என் மயக்கமும் உன் அப்பாவின் கதிரையும்

மகன்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நான் மயங்கி விழவில்லை. படுத்தேன். நன்றாக யோசித்து, சீமெந்துத் தரையில் துப்புரவான இடமாகப் பார்த்து, புதுச் சேலையின் கரை அழுக்காகாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்துப் படுத்தேன். உண்மையாக மயங்குகிறவள் இவ்வளவு ஒழுங்காக மயங்க மாட்டாள் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஐயோ, என்ட புள்ள போயிற்றாளே!" என்று உன் அப்பா வைத்த ஒப்பாரியில், பக்கத்து வார்ட்டில் கால் உடைந்து கிடந்தவர்கள்கூட எழும்பி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்த எனக்கு அந்த நேரத்தில் ஒரேயொரு கவலைதான்: இனி எப்படி எழும்புவது? மயங்குவதற்குத் திட்டம் போட்டவள், தெளிவதற்குத் திட்டம் போட மறந்துபோனேன்.

என்னை நடக்கச் சொன்ன றிஸ்னா மிஸ்ஸை உனக்கு நினைவிருக்கும். காத்தான்குடிப் பிள்ளை, மூச்சு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அவள் பதறவில்லை. துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை என் விரலில் கொளுவி, அதில் வந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அம்மா, உங்கட ஒக்சிஜன் நல்லா இருக்கு. இமையும் துடிக்குது. மயங்கின ஆக்கள் முழியை இப்படி உருட்ட மாட்டாங்க. ஐயா பாவம், அழுறார். எழும்புங்க. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்." நான் எழும்பினேன். அப்பா போன் எடுத்துச் சொல்லி அரை மணித்தியாலத்தில் நீ வந்து சேர்ந்தாய். வந்தாறுமூலைக் கம்பஸிலிருந்து எப்படிப் பறந்து வந்தாயோ, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பிள்ளையின் முன்னால் நின்று, "மூச்செடுக்க ஏலாத மனிசியை நடக்க விட்டுப் பாக்கிறீங்களா? இதுக்கா உங்களைப் படிப்பிச்ச?" என்று கத்தினாய். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மயக்கம் மிச்சமிருப்பவள் போல் கூரையைப் பார்த்தேன்.

வருகிற கிழமை உன் கல்யாணம். அவளைக் கூப்பிட்டிருக்கிறேன், வருவாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போகக்கூடாது. இந்தக் கடிதத்துக்கு அதுதான் முதல் காரணம். உறையில் போட்டு ஒட்டாமல் ஊரெல்லாம் வாசிக்கக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. என் மயக்கக் கதை வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை போயிற்று. களுவாஞ்சிக்குடியில் எனக்கு அந்தியேட்டிக் கிரியையே நடத்திவிட்டார்கள் என்று கேள்வி. பொய் போன பாதையால் உண்மையும் ஒரு தடவை போய் வரட்டும்.

என் சங்கதி ஆரம்பத்திலிருந்தே அதிர்ச்சிதான். குழாய்க்குள் ஊதச் சொன்ன டொக்டர், நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர் சொல்லிவிட்டு, "நீங்க புகைக்கிறனீங்களா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இத்தனை வருஷமும் தனக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று பீடி பிடித்தவளாக்கும் என்று ஒரு கணம் நம்பிவிட்டார். பீடியைக் கையால் தொட்டதில்லை, மகன். ஆனால் அப்பாவின் ஊரான உன்னிச்சையிலிருந்து வந்த நெல்லை உமி எரித்து அவித்து அவித்து விற்றவள் நான். அந்தப் புகைதான் என்றார் டொக்டர். உமிப் புகையில் நீ கம்பஸ் வரை படித்தாய். அதன் மிச்சம் என் நெஞ்சுக்குள் குடியிருக்கிறது. வாடகை கேட்டால் முட்டுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ அறிய வேண்டியது. நம் வீட்டில் கதிரை ராச்சியம் தொடங்கிற்று. நான் போகிற இடமெல்லாம் உட்கார வேண்டுமென்று அப்பா பிளாஸ்ரிக் கதிரைகளை வாங்கிக் குவித்தார். கிணற்றடிக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. நான் எங்கே நின்றாலும் ஆராவது "இருங்க" என்பார்கள். தேங்காய் எடுக்கக் குனிந்தால் "இருங்க அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று நீ பாய்ந்து வருவாய். சேலையை உலர்த்தப் போனால் அப்பா பிடுங்குவார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. வாசல் கதிரையில் இருந்தபடியே ஊர் வம்பு முழுவதும் என் காலடிக்கு வந்தது. ஆர் வீட்டில் ஆர் கோபித்துக்கொண்டு போனாள், எந்தக் கல்யாணத்தில் சோறு காணவில்லை என்று எல்லாம். வருஷத்துக்கு வருஷம் என் நடை மட்டும் சுருங்கிக்கொண்டு போனது. அமிர்தகழிக்கு நடந்து போய் மாமாங்கத் தீர்த்தம் ஆடி நடந்தே திரும்பியவள், பிறகு சந்திக் கடை வரை என்றானேன், பிறகு வாசல் கேற் வரை, பிறகு கிணற்றடி வரை. கடைசியில் சேலை கட்டுவதே ஒரு வேலையாகப் போனது. கொசுவம் மடித்து முடிய ஒரு தடவை இருந்து எழும்ப வேண்டும். உனக்குப் பெண் கேட்கப் போனபோது ஓட்டோ பிடித்துத்தான் போனேன். பெண் வீடு எது என்று சொன்னதும் ஓட்டோக்காரத் தம்பி என்னையும் அப்பாவையும் மாறி மாறி ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு ஏற்றிக்கொண்டு போனான்.

அன்றைக்கு அந்த வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு நான் நினைத்தது உனக்குத் தெரியாது. நம் ஊர் வழக்கத்தில் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போவது ஆண் பிள்ளைதான். உன் அப்பாவும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் என் வீட்டுக்கு வந்தவர்தான். அப்போது என் மாமி என்ன பாடுபட்டிருப்பாள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வந்த சந்தோஷத்தில் சைக்கிளில் ஏறிச் சுற்றவே நேரம் சரியாயிற்று. இப்போது என் முறை. நீ போய்விடுவாய், நான் கதிரையில் இருந்து நீ எப்போது வந்து ஏற்றிக்கொண்டு போவாய் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால் அதைப் பார்க்கவும் ஓட்டோவுக்குக் காத்திருப்பேன். மகன் வீட்டுக்கு என் காலால் ஒரு தடவையாவது போக வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது. அதை டொக்டரிடம் சொன்னேன். அவர் துண்டு எழுதி றிஸ்னா மிஸ்ஸிடம் அனுப்பினார். துண்டில் 'சுவாசப் புனர்வாழ்வு' என்று இருந்தது. இந்த ஊரில் புனர்வாழ்வு என்று கேட்டால், போர் முடிந்தபின் ஆட்களைப் பிடித்து வைத்த முகாம்தான் நினைவுக்கு வரும். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "நீ என்ன புள்ள செய்த?" என்று கேட்டார்.

அங்கே போனால் ஆறு நிமிடம் நடைக்கூடத்தில் அங்குமிங்கும் நடக்க வேண்டுமாம்; எவ்வளவு தூரம் என்று அளப்பார்களாம். மூச்சு முட்டுகிறது என்று வந்தவளை நடக்கச் சொல்கிறார்களே என்று திகைத்து நின்றேன். தவளையை ஓடச் சொன்னாலும் அதற்கொரு நியாயம் இருக்கும். நடுவழியில் மூச்சு நின்று, நாலு பேர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு செத்துப்போவேன் என்று பயந்தேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் படுத்தேன்.

அடுத்த நாள் திரும்பிப் போனேன். நோய்க்காகப் போகவில்லை, அவள் உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்காததை நினைத்து நித்திரை வரவில்லை, அதனால் போனேன். போனவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேனா? "மிஸ், நடந்தா நல்லதெண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆர் சொன்ன?" என்று கேட்டேன். "ஒரு ஆள் சொல்லி இல்ல அம்மா. ஒரு ஆள் சொன்னா நம்பக் கூடாது" என்றாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மகன், என் வாழ்க்கையே ஒரு ஆள் சொன்னதை நம்பி ஓடியது. ஒருத்தி சொல்வாள், நான் கொஞ்சம் உப்புப் போடுவேன், பத்துப் பேர் சொல்வார்கள், பின்னேரத்துக்குள் அது உண்மையாகிவிடும். அவள் சொன்ன கதையைக் கேட்டபோதுதான் தெரிந்தது, உலகத்தில் ஒரு கூட்டம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறது என்று.

முன்பெல்லாம் டொக்டர்மாரே இந்த நோய்க்காரரைப் பார்த்து, உடம்பை அலட்டிக்கொள்ளாமல் இருங்கள் என்றுதான் சொன்னார்களாம். மூச்சுக் குறைந்தவரை மூச்சைச் செலவழிக்க விடாதே என்பது கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நம் வீட்டுக் கதிரைகள் எல்லாம் அந்த நியாயத்தில் வாங்கியவைதானே. பிறகு அங்கொருவர் இங்கொருவராகச் சில டொக்டர்மார் நோயாளிகளை மெல்ல மெல்ல நடக்க விட்டிருக்கிறார்கள். நடந்தவர்கள் நாளுக்கு நாள் கூட நடந்தார்கள். உடனே எல்லோரும் கை தட்டவில்லை, சண்டைதான் பிடித்தார்கள். தேறக்கூடிய ஆளாகப் பார்த்துத்தானே நீ நடக்க விட்டாய் என்றார் ஒருவர். நீ பக்கத்தில் இருந்து அன்பாகக் கதைத்ததில் தேறியிருப்பான் என்றார் இன்னொருவர். நம் தெருவில் பரமேஸ் மாமி கேட்கிற கேள்விகளைத்தான் படித்தவர்கள் படித்தவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழியைக் கேட்டால் நீ சிரிப்பாய். சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். நோயாளிகளை வரிசையில் வைத்து, கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுகிற மாதிரி, இவருக்குப் பயிற்சி, அவருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும் என்று பிரித்திருக்கிறார்கள். டொக்டருக்குப் பிடித்த ஆள், வசதியான ஆள், வாய் பெரிய ஆள் என்று ஒரு பக்கம் சாய முடியாது. முடிந்த இடங்களில், தூரத்தை அளக்கிறவருக்கு ஆர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறைத்தார்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களையும் கணக்கில் வைத்தார்கள். நானாக இருந்தால் அவர்களைத்தான் முதலில் மறந்திருப்பேன். ஒரு ஊரில் செய்தது போதாதென்று பல நாடுகளில் செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, தங்களுக்குப் பிடிக்காத முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு கதையை நம்பாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடா, மகன்!

நீ வந்தாறுமூலையில் என்ன செய்கிறாய்? வட்டையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த விதைநெல் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறாய். நல்ல மண்ணில் உனக்குப் பிடித்த நெல்லை விதைத்துவிட்டு இதுதான் திறம் என்று சொல்லக்கூடாது என்று சாப்பாட்டு மேசையில் இருந்து எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. நெல்லுக்குக் கேட்ட கேள்வியை உன் தாய்க்கு நீ கேட்கவில்லை. 'இருங்க அம்மா' என்றாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, நானும்தான் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது. முதல் நாள் பொய்யாகச் சுற்றிய அதே தலைதான். அதை மயக்கம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அங்கே எனக்கொரு கூட்டாளி கிடைத்தார். மீராசா காக்கா, ஏறாவூர்க்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), சிகரட்டை விட்டவர். அது மட்டும் தன்னை விடவில்லை என்பார். நானும் அவரும் ஒரே நேரத்தில் பயிற்சி. நடை, சைக்கிள் மிதிப்பு, கைக்குச் சின்னப் பாரம், விளக்கை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விடுவது, மருந்தைச் சரியாக இழுப்பது. "தங்கச்சி, நீங்க இண்டைக்கு என்னைவிட ஒரு சுற்றுக் கூட. வீட்ட என்ன சாப்பிட்ட?" என்று கேட்பார். "நீங்க பின்னால வாற பயத்தில நடந்தன் காக்கா" என்பேன். ஒரு நாள் இந்த வாயடியைக் கேட்டுக்கொண்டிருந்த றிஸ்னா சிரித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இப்ப செய்யிறதும் ஒரு ஆராய்ச்சிதான்" என்றாள். நடைத்தூரம் எவ்வளவு கூடினால் நோயாளிக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியும் என்று அறிய வேண்டியிருந்ததாம். அதற்கு நோயாளிகளைச் சோடி சோடியாக இருத்திப் பேச விட்டு, இவரைவிட நீங்கள் நன்றாக நடக்கிறீர்களா, மோசமாக நடக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். மகன், இதற்குப் பெயர் வம்பு! நான் சம்பளமில்லாமல் காலம் முழுக்கச் செய்ததை அவர்கள் விஞ்ஞானம் என்று எழுதிவிட்டார்கள். மீராசா காக்கா, "அப்ப இவ பெரிய பேராசிரியர்" என்றார்.

வம்பு மட்டும் அல்ல. குழாயில் ஊதும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு கட்டத்தில் நோயாளியிடமே கேட்கத் தொடங்கினார்களாம்: உடுப்பு மாற்றும்போது மூச்சு வாங்குகிறதா, களைப்பு எப்படி, பயம் எப்படி, நோய் உங்களை ஆளுகிறதா நீங்கள் நோயை ஆளுகிறீர்களா என்று. அந்தக் கேள்விகளில் சிலவற்றை றிஸ்னா என்னிடமும் கேட்டாள். சேலைக் கொசுவத்தைப் பற்றி நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு அளவுதான் என்றாள். அதுவரை நான் அதை ஆரிடமும் பகிடியாகத்தான் சொல்லியிருந்தேன்.

இனி எல்லாவற்றிலும் பெரிய இடி. பயிற்சி முடியும் காலத்தில் மறுபடியும் குழாயில் ஊதினேன். சாதாரணமாக ஊதவில்லை, கூரைத் தகரம் கிளம்புகிற மாதிரி ஊதினேன். எண் பழைய இடத்திலேயே நின்றது. என் நுரையீரல் ஒரு மயிரளவும் திருந்தவில்லை. அப்பா கதிரையிலிருந்து பாய்ந்து எழும்பி, "நான் சொன்னன்தானே! எல்லாம் வீண் வேலை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. றிஸ்னா அமைதியாக, "அது திருந்தாது ஐயா. ஆராய்ச்சியிலயும் திருந்தல்ல. அதனாலதான் கன காலம் கன பேர் இதை நம்பாம இருந்த" என்றாள். "அப்ப திருந்தினது என்ன?" என்று கேட்டேன். குனிந்து என் காலைத் தட்டினாள். "இது."

கதிரையில் இருக்கிற காலுக்கு வேலை மறந்துபோகுமாம். வேலை மறந்த தசை, கொஞ்ச நடைக்கே நிறைய மூச்சைக் கேட்கும். கொடுக்க இயலாத நெஞ்சு முட்டும். முட்டுகிறதே என்று பயந்து இருப்போம். இருக்க இருக்கக் கால் இன்னும் மறக்கும். காலைப் பழக்கிவிட்டால் அதே பழுதான நுரையீரலோடு, அதே மூச்சோடு, கூடத் தூரம் போகலாம், முட்டும் குறையும். நான் பேச்சில்லாமல் இருந்தேன். பேச்சில்லாமல் நான் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். என் நோயில் ஒரு பங்குதான் புகை. மற்றப் பங்கு நம் வீட்டில் தூக்கித் தூக்கிப் போட்ட கதிரை. உங்கள் அன்பு என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக முடமாக்கிக்கொண்டிருந்தது. நான் அதில் மகாராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொன்னாள். எல்லா ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கடைசியில், பயிற்சி நல்லதா, வழக்கமான வைத்தியம் மட்டும் போதுமா என்று சோதிக்க இந்த நோயில் இனி புது ஆராய்ச்சி தேவையில்லை, பதில் கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டார்களாம். கேள்வி கேட்டே பிழைக்கிறவர்கள், போதும் கேட்டது என்று சொல்லிவிட்டார்கள்! அதற்கு மேலும் ஒரு அதிர்ச்சி மிச்சமிருந்தது. அவ்வளவு உறுதியாகத் தெரிந்த பிறகும், உலகத்தில் இந்த நோய் உள்ளவர்களில் மிகச் சிலர்தான் இந்தப் பயிற்சிக்குப் போய்ச் சேருகிறார்களாம். மற்றவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். "வீட்ட இருக்கிறாங்க அம்மா" என்றாள்.

அப்பாவை நீ பிழையாக நினைத்துவிடாதே. அவர் ஒத்துக்கொள்ளவில்லை; ஆனால் அவரிடமும் ஒரு சான்று இருந்தது. உன்னிச்சையில் அவருடைய தாய்க்கும் இழுப்பு. வட்டைக்குள் மாடு இறங்கிவிட்டது என்று ஒரு மத்தியானம் எழும்பி ஓடினவள், வரம்பில் விழுந்தாள், பிறகு எழும்பவில்லை. அப்போது அப்பா என் வீட்டு மாப்பிள்ளை. இவர் போய்ச் சேர எல்லாம் முடிந்துவிட்டது. "எழும்பாம இருந்திருந்தா இருந்திருப்பா" என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் சொன்னார். "நீயும் எழும்பிப் போ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று கோபமாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றார். எத்தனை நாட்டு ஆராய்ச்சியைக் கொண்டுபோய் அந்த ஒரு மத்தியானத்தின் முன்னால் வைப்பது? நான் றிஸ்னாவிடம் சொன்னேன். "ஐயா சொல்றது பொய் இல்ல அம்மா. அப்படியும் நடக்கும். அதனாலதான் பாத்து, அளந்து, பக்கத்தில நிண்டு, மெல்ல மெல்லக் கூட்டுறம்" என்றாள். அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். உப்புப் போடாமல் நான் சொன்ன முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை, நீ வந்தாறுமூலையில் இருந்த நேரம், நான் சேலை கட்டினேன். நின்றபடியே கொசுவம் மடித்தேன். "பெண் வீட்ட நடந்து போகப் போறன்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாசலில் கிடந்த கதிரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "நட" என்றார். முன்னால் நான், பின்னால் நாலு காலும் வானத்தைப் பார்க்கிற கதிரையோடு உன் அப்பா. பரமேஸ் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா, வீடு மாறுறீங்களா?" என்றாள். "ஓம் கா, மற்றச் சாமானெல்லாம் லொறியில வருது" என்றேன். அவ்வளவு பேசியதே பிழை; மூச்சு வாங்கியது. சந்திக் கடை முதலாளி, "ஐயா, கூட்டத்துக்கோ? ஆர் பேச்சாளர்?" என்று கேட்டான். "முன்னுக்குப் போறா பாருங்க, அவதான்" என்றார் அப்பா.

கடையைத் தாண்டியதும் முட்டு வந்தது. நடைக்கூடத்தில் வராத மாதிரி, வெயிலோடு சேர்ந்து, நெஞ்சில் நெல்மூட்டையை வைத்த மாதிரி வந்தது. அப்பா கதிரையை இறக்கி என் பின்னால் வைத்தார். "இரு புள்ள. ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க" என்றார். அந்தக் கதிரையின் அழகை நான் உனக்கு எப்படிச் சொல்வது! இருந்திருப்பேன். ஆனால் இருந்தால் அவர் பயந்தது சரியென்று ஆகும். இனி என்னை எழும்ப விடமாட்டார், நான் எழும்பவும் மாட்டேன் என்று தெரிந்தது. கதிரையைத் திருப்பி, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, றிஸ்னா காட்டிய மாதிரி முன்னுக்குச் சாய்ந்து நின்றேன். விளக்கை ஊதுவது போல ஊதினேன், திரும்பவும் ஊதினேன். மூட்டை மெல்ல இறங்கியது. "சரி, வாங்க" என்று நிமிர்ந்து பார்த்தால், நான் விட்ட கதிரையில் உன் அப்பா பொத்தென்று இருந்துவிட்டார். நடுத்தெருவில், வேர்த்து விறுவிறுத்து. "நீ போ. நான் கொஞ்சம் இருந்துபோட்டு வாறன்" என்றார். அழுதாரா வேர்வையா என்று நான் கேட்கவில்லை.

நீயும் இனி ஒருத்தி வீட்டுக்குப் போகிறாய். தர்ஷிகாவுக்கு நாளைக்கு ஒரு நோய் வருத்தம் வரும், உனக்கும் வரும். அப்போது வாயில் முதலில் வருகிற அன்பான வார்த்தையைச் சொல்லுவதற்கு முன், இது நல்லதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுக்கொள். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரைப் போய்க் கேள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேள். அவள் நடக்க வேண்டும் என்று தெரிந்தால் நடக்க விடு. பயமாக இருந்தால் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போ. அதில் ஒரு வெட்கமும் இல்லை. கல்யாணத்தன்று றிஸ்னாவைக் கண்டால் முதலில் நீ மன்னிப்புக் கேள். நான் பக்கத்தில் நிற்பேன், அடுத்தது என் முறை.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், மகன். என் காலால். சம்பந்தியம்மா மாவு பிடித்த கையோடு ஓடி வந்து, "ஐயோ, நடந்தா வந்த நீங்க! இருங்க, இருங்க" என்று கதிரையை இழுத்தாள். "இருக்க வரல்ல கா, பலகாரம் பாக்க வந்தனான்" என்று நின்றுகொண்டே சொன்னேன். அப்பாவும் கதிரையோடு வந்து சேர்ந்தார். தர்ஷிகா தண்ணீர் கொண்டுவந்து தந்து, கண்ணை விரித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அது போதாதா? வழியில் பட்ட பாடு, வெயில், முட்டு, மூட்டை எல்லாவற்றையும், உப்பும் புளியும் போட்டு, கதிர்காமத்துக்குக் காட்டு வழியால் நடந்து போனவள் மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், எவ்வளவு தூரத்தைக் கடந்து வந்திருக்கிறேன் என்று மருமகளுக்குக் காட்டுவதற்காகக் கையை நீட்டித் திரும்பினேன். நம் வீட்டுக் கேற் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமலே, அப்பா அதைப் பூட்ட மறந்துவிட்டதும், பரமேஸ் மாமியின் ஆடு உள்ளே நுழைந்து உன் கல்யாணப் பந்தலுக்கென்று வெட்டாமல் விட்டு வைத்த வாழையைத் தின்றுகொண்டிருந்ததும் தெளிவாகத் தெரிந்தன.